முனியாண்டி மாட்டிய பூட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மூன்று நாள் உட்காரவைத்துப் பயிற்சி என்று சுவரில் படம் காட்டியிருப்பார்கள். ஒரு படத்தில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பான். நான் இருபத்தாறு வருடம் இதே விண்மீன் ஆய்வகத்தில் மின்பொறியாளனாக இருந்தேன். மின்சார வேலை பார்த்த எவனும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் அந்தப் படங்களில் வராத ஒரு மத்தியானத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் மேலே ஏறிப் பார்க்காதவர்களுக்காக. கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, தேயிலை மலையின் முதுகில் இருக்கிறது ஆய்வகம். இடம் தேர்வு செய்ய வந்த குழு ஒரு வாரம் தங்கியதாம். அந்த வாரம் பார்த்து வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்திருக்கிறது. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கினார்கள், முட்டைக்கோஸ் வாங்கினார்கள், காரில் ஏற்றிக்கொண்டு போய் 'மிகச் சிறந்த இடம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கீழே லைன் வீடுகளில் கொழுந்து பறிக்கிற எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், "மத்தியானத்துக்கு மேல இங்க பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாதுலா" என்று. அவர்களை யார் கேட்பார்கள்? அவர்களிடம் பட்டம் இல்லை.

சரி. டோம் என்று நாம் சொல்லும் வட்டக் கூரையில் ஒரு பெரிய கதவு இருக்கிறது. இரண்டு இரும்புப் பலகைகள், இரண்டு பக்கமும் விலகித் திறக்கும். பலகை நகரும் பாதைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்குப் பக்கத்துக்கு ஒரு சந்து உண்டு. உருளைகளுக்கு எண்ணெய் போட, ஆணி முறுக்க, அதற்குள்தான் போக வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது கீழே பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்குக் கற்பனை இருக்கும்.

அதற்காகத்தான் பூட்டு. மேலே ஏறுகிறவன் முதலில் டோமின் பெரிய சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கைப்பிடியில் ஆறு துளை உண்டு. ஆறு பேர் ஏறினால் ஆறு பூட்டு. ஆறும் கழன்றால்தான் மின்சாரம் வரும். ஒருவன் பூட்டை அவனைத் தவிர வேறு எவனும் தொடக்கூடாது. ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும். நம் நிர்வாகத்துக்குப் புரியவில்லை.

ஸ்டோர் விதி ஒன்று இருந்தது: அலுவலகத்தில் வாங்கும் எல்லாப் பூட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி அலுவலக அலமாரியில் இருக்க வேண்டும். பீரோ பூட்டுக்குப் போட்ட விதி. மேசை இழுப்பறைக்குப் போட்ட விதி. அதையே எங்கள் பூட்டுக்கும் போட்டார்கள். எட்டுப் பூட்டு, அலமாரியில் எட்டு மாற்றுச் சாவி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை. வருடா வருடம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போட்டது யார்? நான்தான். வருடா வருடம் போட்டேன். ஒரு நாளும் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒருவன் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். நான் அந்த அலமாரியைத் திறந்து, மாற்றுச் சாவியை எடுத்து, அவன் பூட்டைத் திறந்து டோமை ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போனதுதான் கேடு. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அப்படித் திறக்கலாம் என்று கற்றுக்கொண்டார்கள்.

இப்போது அந்த மத்தியானம்.

கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் பார்வையிட வருகிறார். நம் இயக்குநர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. இயக்குநரை எல்லாரும் டாக்டர் என்போம். வானியலில் பெரிய படிப்பு. ஒரு விண்மீனுக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவார். தன் அறையில் விளக்கு சுவிட்ச் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பார். தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்குப் புதிதாகப் பூச்சுப் போட்டு வந்திருந்த நேரம். டத்தோ மேல்தளத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கண்ணாடியில் அவர் முகம் பெரிதாகத் தெரியும், படம் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டருக்கு ஓர் ஆசை. அதற்காகக் காலையிலேயே கண்ணாடியின் மூடியைத் திறந்து வைத்தார். வெளிச்சத்துக்காக டோம் கதவையும் திறந்து வைத்தார்.

கதவு திறக்கும்போது கிறீச்சென்று சத்தம் போட்டது. பன்றி கத்துகிற மாதிரி. டத்தோ முன்னால் அப்படிக் கத்தினால் மானம் போய்விடுமாம். டெக்னீஷியன் முனியாண்டியைக் கூப்பிட்டு, உடனே சரி செய் என்றார். முனியாண்டி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். நாற்பது வயது. கையில் வேலை இருந்தால் வாயைத் திறக்க மாட்டான். சுவிட்சை அணைத்தான், பூட்டை மாட்டினான், ஏறினான். காலை பத்தரை மணி.

பன்னிரண்டேகாலுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. அதற்குப் பின்னாலேயே இடி. டாக்டர் என் அறைக்கு ஓடி வந்தார்.

"கதவ மூடுங்க! கண்ணாடி தொறந்து கெடக்கு!"

மின்சாரம் இல்லாமல் கதவு மோட்டாரும் ஓடாது, கண்ணாடி மூடியும் மூடாது. இரண்டுக்கும் அதே சுவிட்ச். கீழே ஓடினேன். முனியாண்டியின் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பார்த்துக் கத்தினேன். பதில் இல்லை.

அலுவலக எழுத்தர் அங்கே நின்றிருந்தார். தோட்டத்து ஆபீசிலிருந்து வந்தவர் என்பதால் நாங்கள் கிராணி என்றே கூப்பிடுவோம். "முனியாண்டிக்குப் போன் போடுங்க" என்றேன். போட்டார்.

மேலே, பனிக்குள், சேவல் கூவியது.

முனியாண்டியின் போன் அப்படித்தான் கூவும். அலுவலகமே அதைக் கிண்டல் செய்யும். அன்று யாரும் சிரிக்கவில்லை. கூவியது, கூவியது, நின்றது. கிராணி மறுபடி போட்டார். மறுபடி கூவியது. எடுக்க ஆள் இல்லை.

"போன மறந்து வச்சிட்டுப் போயிருப்பான்" என்றார் டாக்டர். "சாப்பாட்டு நேரம்லா இது. கடைக்குப் போயிருப்பான்."

"போயிருக்கலாம். மயங்கி விழுந்தும் கெடக்கலாம்."

"கிராணி, மாத்துச் சாவி இருக்குல்ல? கொண்டாங்க."

கிராணி கொண்டுவந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எந்தக் கோப்பையும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. 'முனியாண்டி' என்று அவர் அழகான கையெழுத்தில் எழுதிய அட்டையோடு சாவி என் முகத்துக்கு நேரே ஆடியது.

"தொறங்க" என்றார் டாக்டர்.

"ஆள பாக்காம தொறக்க மாட்டேன்."

"மோட்டார் வேணாம்யா. பூட்டத் தொறந்து மூடிய மட்டும் மூடுங்க. கதவக் கையால சுத்திக்கலாம். அதுக்குத்தான் சக்கரம் இருக்குல்ல?"

"கையால சுத்தி நசுக்கினாலும் நசுங்கத்தான் செய்யும், டாக்டர். பூட்டத் தொறந்தா கதவு மோட்டாருக்கும் கரண்டு வரும். பிரிச்சு விட முடியாது."

"அந்தக் கண்ணாடி எத்தன வருஷ உழைப்பு தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியும். அந்தக் கண்ணாடியை லோரியில் ஏற்றி மலை ஏற்றியபோது வளைவுக்கு வளைவு முன்னால் நடந்து வந்தவன் நான். ஆனால் அப்போது என் தலையில் ஓடியது வேறு. முனியாண்டியின் மனைவி கோலா தெர்லாவில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவளிடம் போய் யார் சொல்வது? டாக்டர் போக மாட்டார். என்னைத்தான் அனுப்புவார்.

இதை வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மழையின் முதல் துளி விழுந்தபோது, திறந்துவிடு, அவன் கடைக்குத்தான் போயிருப்பான் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொன்னது. நியாயமான குரல். டாக்டர் சொன்னதும் அதுதான். பத்தில் ஒன்பது முறை அது சரியாகத்தான் இருக்கும்.

கிராணி கையிலிருந்து சாவியைப் பிடுங்கி என் பையில் போட்டேன். "என் பூட்டோட மாத்துச் சாவியும் ஒங்க அலமாரியில இருக்கு. அதையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். வந்தது. அதையும் பையில் போட்டேன். முனியாண்டியின் பூட்டுக்குப் பக்கத்துத் துளையில் என் பூட்டை மாட்டினேன்.

"இது எதுக்கு?" என்றார் டாக்டர்.

"நான் உள்ள போறேன். நான் வர்ற வரைக்கும் சுவிட்ச யாரும் தொடக்கூடாது."

"என் மேல நம்பிக்க இல்லன்னு சொல்றீங்களா?"

"ஆமா" என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் நான் பேசிய மிகச் சரியான ஒரு சொல் அது. அதற்கான தண்டனையைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடியை அப்படியே விடவும் மனம் இல்லை. "பக்கத்துக் காய்கறித் தோட்டத்துல பிளாஸ்டிக் இருக்கும். வாங்கி மேல போத்துங்க" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஏணி நனைந்து வழுக்கியது. முதல் சந்துக்குள் தலையை விட்டேன். "முனியாண்டி! டேய்!" ஒன்றுமில்லை. தோட்டத்துக்கு ஓடிக்கொண்டே கிராணி விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார். சேவல் கூவுகிற திசையில் ஊர்ந்தேன். முழங்கை கிழிந்தது, பழைய எண்ணெய் முகத்தில் அப்பியது. கடைசியில் கை ஒரு பையில் பட்டது. பைக்குள் போன். பக்கத்தில் துண்டு, ஸ்பேனர். அதற்கு அப்பால் கம்பியில் அவன் பாதுகாப்பு வாரின் கொக்கி மாட்டியிருந்தது. வாரைப் பிடித்து இழுத்தேன். இலேசாக வந்தது. வாருக்குள் ஆள் இல்லை.

இங்கேதான் எனக்கு உயிர் போய் வந்தது. வாரைக் கழற்றிவிட்டு அடுத்த பக்கம் தாண்டும்போது சறுக்கினானா? விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். வெள்ளை. தேயிலையும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. மழை இப்போது ஊற்றியது. எனக்குக் கீழே, திறந்த கதவு வழியாக, அது நேராகக் கண்ணாடி மேல் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இரண்டாவது சந்துக்கு ஏறினேன். அதையும் பார்க்காமல் இறங்க முடியாது. அவன் அங்கே கிடந்தால்?

பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே இருந்தபோது கீழே மோட்டார் சைக்கிள் சத்தம். பிறகு ஒரு குரல், மிகவும் மரியாதையாக:

"சார்! மழையில மேல என்ன சார் பண்றீங்க?"

முனியாண்டி.

நான் அப்போது சொன்னதை அச்சில் போட மாட்டார்கள். இறங்கி வந்தேன். மழைக்கோட்டு போட்டு, ஒரு கையில் புது ஆணியும் இன்னொரு கையில் பொரித்த வாழைப்பழப் பொட்டலமுமாக நின்றான்.

"எங்கடா போன?"

"டவுனுக்கு, சார். உருளை ஆணி தேஞ்சு போச்சு. அதான் சத்தம். வாங்கிட்டு வந்தேன். அப்படியே பசியாறிட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போறதுக்கு என்ன? போன் மேல, ஆளு டவுன்ல!"

"பூட்டு மாட்டிட்டுத்தானே சார் போனேன்?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வேல முடியலன்னு அர்த்தம்ல? என் பூட்டு இருக்கறப்ப யாரு தொறக்கப் போறா?"

என் பையில் அவன் சாவி இருந்தது, அவன் பெயர் எழுதிய அட்டையோடு. எட்டு வருடமாக அலமாரியில் அது தொங்குவதே அவனுக்குத் தெரியாது.

முதலில் என் பூட்டை நான் கழற்றினேன். அவன் பூட்டை அவன் கழற்றினான். கிறீச்சென்று கத்திக்கொண்டே கதவு மூடியது. அது முழுதாக மூடி ஐந்து நிமிடத்தில் மழை நின்றுவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தோம். டாக்டரும் கிராணியும் காவலாளி ஒருவரும் தொலைநோக்கியின் மேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்தபடி நின்றார்கள். கிராணி அவசரத்தில் கொண்டுவந்தது கோழி எரு மூடி வைத்திருந்த விரிப்பு. கேமரன் மலையில் கீரை எதைத் தின்று வளர்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மழைநீர் அதில் கரைந்து, ஒழுகி, புதுப் பூச்சின் மேல் பழுப்பாக வழிந்திருந்தது. டாக்டரின் பட்டுப் பாத்தேக் சட்டையிலும் வழிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து டத்தோ உள்ளே வந்தார். ஓர் அடி வைத்தார், மூக்கைச் சுருக்கினார், வெளியே போய் வாசல் பலகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர், நீள மேசை, மினரல் வாட்டர். அறிக்கையில் 'அடையாளம் காணப்படாத கரிமப் பொருள்' என்று எழுதியிருந்தார்கள். அடையாளம் காண மூக்கு போதும்.

தலைவர் என்னைக் கேட்டார்: "டோம்ல ஆள் இருந்தாரா?"

"இல்ல."

"அப்ப காலியான எடத்துக்காகக் கண்ணாடிய நனைய விட்டீங்க."

"நான் ஏறிப் பாக்கற வரைக்கும் அங்க ஒரு ஆள் இருந்தான், சார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறுக்கன் என்று முடிவு செய்ததை முகத்திலேயே படித்தேன். கண்ணாடியைக் கழுவி மறுபடி பூச்சுப் போட எட்டு மாதம் ஆனது. தலைமைப் பொறியாளர் பதவி எனக்கு வரவேண்டியது, வேறு ஒருவருக்குப் போனது. அவர் நல்ல மனிதர். டோமுக்குள் ஒருநாளும் ஏறியதில்லை. மாற்றுச் சாவிகளை என்ன செய்வது என்றும் விசாரணைக் குழு சிந்தித்தது: இனி அலமாரி வேண்டாம், இயக்குநர் அறையிலேயே கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவைக்கலாம், அவசரத்துக்கு உதவும் என்றது. என் பையில் இருந்த இரண்டையும் திருப்பிக் கேட்டார்கள். தொலைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொய்தான். மீதி ஆறும் ஒரு மாதத்துக்குள் தொலைந்துபோயின. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், அன்று செய்ததற்கு வருத்தமா என்று. கண்ணாடிக்காக வருத்தம் உண்டு. என் முட்டாள்தனத்துக்காக உண்டு: வருடா வருடம் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன், போகும்போது சொல்லிவிட்டுப் போ என்று முனியாண்டிக்கு ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவன் அங்கே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கும் எல்லாம் பிறகுதான் தெரியும். தெரியாத நேரத்தில் உங்கள் காதுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சத்தம் போடுவார், படித்தவராக இருப்பார், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அப்போதும் ஏறிப் பார்க்க வேண்டும்.

விசாரணை முடிந்த அன்று முனியாண்டி வாசலில் காத்திருந்தான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன். "ஏன் சார், எனக்காகவா இவ்வளவு? ஒரு தடவ டவுன் வரைக்கும் வண்டியில வந்து பாத்திருக்கலாம்ல?" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே ஓடினான்.

ஆனால் மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. "சார், மேல ஏறுறேன்." "சார், எறங்கிட்டேன்." "சார், டீ குடிக்கப் போறேன், பூட்டு இருக்கு." "சார், கக்கூஸ் போறேன்." ஒரே நாளில் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறான். என் மகள் திருமணத்தில், தாலி கட்டும் நேரத்தில் கூப்பிட்டான். எரிச்சலாக இருக்கும். ஒவ்வொரு முறையும் எடுத்தேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டு மணிக்கு வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சார், மேல ஏறுறேன்."

"நேத்தோட என் வேலை முடிஞ்சிதுடா. என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

பின்னால் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப யார்கிட்ட சார் சொல்றது?"

உங்கள் நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அடித்தால் எடுங்கள்.